டில்லிச் செய்தி

போர் முடிந்த மறுவருஷம். கிழக்கு எல்லையில் சண்டைக்குப் போன அண்ணனைக் காணவில்லை என்று ராணுவத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். வேப்பந்தட்டைப் பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி கேட்டு வந்து நான் அண்ணியிடம் சொல்வேன்.

அன்று, நம் ராணுவ மந்திரியும் நட்பு நாட்டு மந்திரியும் டில்லியில் எல்லைப் பாதுகாப்பு பற்றிப் பேசியதாகச் செய்தி வந்தது. அண்ணி பருத்தி எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"காணாமப் போனவங்களப் பத்தி ஏதாச்சும் பேசுனாங்களா தம்பி?"

"இல்லைங்க அண்ணி. பேச்சு திருப்தியா முடிஞ்சுதாம்."

மடியிலிருந்த பருத்தியைக் கூடையில் கொட்டினார்.

"சரி, நாளைக்கும் போய்க் கேளுங்க."

அண்ணன் வரவேயில்லை. கருமாதி செய்துவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னபோதெல்லாம் அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை.