கிழிந்த சூட்டும் பன்னிரண்டு நிமிடமும்

1. ரப்பர் கையுறை

நான் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவள். சனி, ஞாயிறுகளில் நீச்சல் போட்டிகளுக்கு அதிகாரியாகப் போவேன். பெரும்பாலும் 'கால் ரூம்' என்ற அழைப்பு அறையில் வேலை. பந்தயத்துக்கு இருபது நிமிடம் முன்பு பெண்களை வரிசையில் உட்கார வைத்து, பெயர், லேன், உடை மூன்றையும் சரிபார்த்து அனுப்புவது. சம்பளம் கிடையாது. ஒரு தொப்பியும் சாம்பார் சாதமும் உண்டு.

டெக் சூட் என்ற பந்தய உடையை முதன்முதலில் அருகில் பார்த்தது தாம்பரம் பக்கத்துக் குளம் ஒன்றின் உடை மாற்றும் அறையில். மேடவாக்கம் அபார்ட்மென்ட்டிலிருந்து வந்த ஒரு தாய், பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, மகளின் தொடையில் அங்குலம் அங்குலமாக அந்தத் துணியை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா கிளவுஸ்?" என்றேன்.

"நகம் பட்டா போச்சு மேடம். டர்ர்னு கிழிஞ்சிடும். ஏய், மூச்ச உள்ள இழுடி!"

"இழுத்துட்டேம்மா! இதுக்கு மேல இழுத்தா செத்துடுவேன்!"

அரை மணி நேரம் ஆனது. அந்த மகள் நீந்தியது முப்பத்து நான்கு விநாடி.

சிரித்தேனே தவிர, அந்த உடையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது உடம்பை இறுக்கிப் பிடிக்கிறது. தொடைச் சதை குலுங்குவதில்லை. துணியில் தண்ணீர் ஊறாமல் வழுக்கிப் போகிறது. இடுப்பு கொஞ்சம் மேலே நிற்கிறது. ஒரு காலத்தில் தோளிலிருந்து கணுக்கால் வரை ரப்பர் போன்ற சூட்டுகள் வந்து, உலக சாதனைகள் வரிசையாக உடைந்தன. அதன் பிறகுதான் நெய்த துணி மட்டும், பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை, ஆண்களுக்குத் தொப்புளிலிருந்து முழங்கால் வரை என்று விதி வந்தது. அனுமதி முத்திரை பின்பக்கம் இருக்க வேண்டும். உடையில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. பத்துப் பன்னிரண்டு முறை போட்டால் அந்தத் துணி செத்துவிடும். இறுக்கம் போய்விடும், தண்ணீர் ஊறும். இதை விற்பவர்கள் சொல்வதில்லை.

2. தையல்

இது நடந்தது சில ஆண்டுகளுக்கு முன், மாநில அணித் தேர்வுக்கான போட்டியில். பெண்கள் நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல். ஒரு நிமிடம் மூன்று விநாடிக்குள் வந்தால் அணியில் இடம்.

பவானிக்கு வயது பதினாறு. கடற்கரைக் குப்பத்துப் பெண். அப்பா ஏழுமலைக்குப் படகும் வலையும்தான் தொழில். அடுத்த ஆண்டு வயதுப் பிரிவு மாறிவிடும், அங்கே நேரம் இன்னும் கடுமை. ஆகவே அன்றைக்கே எடுத்தாக வேண்டும்.

கால் ரூமில் அவள் முறை வந்தது. டெக் சூட் போட்டிருந்தாள். முத்திரை இருந்தது. முதுகுத் தையல் ஓரமாக விரலை ஓட்டினேன். இடுப்புக்குக் கீழே ஏதோ நெருடியது. நான்கு அங்குல நீளத்துக்கு நரம்பு நூலால் நெருக்கமாகப் போட்ட தையல். வலை பின்னுகிற நூல். கண்ணுக்குத் தெரியவே இல்லை, கைக்குத்தான் தெரிந்தது.

"யாரும்மா தைச்சது?"

"அப்பா, மேடம். ஒரு அக்கா அவங்க பழைய சூட்ட கொடுத்தாங்க. நேத்து போட்டுப் பார்க்கறப்ப கிழிஞ்சிடுச்சு."

நடுவரைக் கூப்பிட்டேன். ராகவன் சார் வந்து, கேட்டு, தாடையைச் சொறிந்தார்.

"மேடம், ஸ்டிச்சிங்னா மாடிஃபிகேஷன்தானே? அலவ் பண்ணா நாளைக்கு எவனாவது பிரொடெஸ்ட் போடுவான். அவ டைமே கேன்சல் ஆயிடும்."

அவர் சொன்னது சரி. அதற்குள் பார்வையாளர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏழுமலை கத்தினார்.

"இன்னா மேடம் தப்பு? கிஞ்சிச்சு, தச்சேன். சுறா இழுத்தாலே வுடாத தையல் அது! துணியும் அதேதான் கீது, சீலும் அதேதான் கீது. வேற இன்னா வோணும்?"

"தையலில் குறை இல்லை அண்ணா. விதியில் தையலே இல்லை" என்றேன்.

பந்தயத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அந்த இறுக்கமான உடையைக் கழற்றவே ஏழு நிமிடம். பவானி வெளுத்துப்போன பயிற்சி உடையில் ஓடி வந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, கண்ணும் சிவந்திருந்தது. அந்த டெக் சூட் ஏற்கெனவே செத்த துணி என்று தொட்ட உடனே எனக்குத் தெரியும். அதில் அவளுக்கு அரைக்கால் விநாடிகூடக் கிடைத்திருக்காது. ஆனால் கால் ரூம் அதிகாரி பயிற்சி ஆலோசனை சொல்லக் கூடாது. சொல்லவில்லை. அவள் எதையோ பெரிதாக இழந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு ஸ்டார்ட்டிங் பிளாக்கில் ஏறினாள்.

1:03.41.

3. மைக்

அரை மணி நேரம் கழித்து அவளே திரும்பி வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மேடம், இன்னைக்கு எனக்கு வேற சான்ஸ் எதுனா இருக்கா?"

இருந்தது. மாலையில் நான்கு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தும் ரிலே. அதில் முதலில் குதிப்பவரின் நேரம் தனி நேரமாகவும் செல்லும் என்று அந்தப் போட்டியின் விதிப் புத்தகத்திலேயே இருந்தது. பயிற்சியாளர்கள் பாதிப் பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை. விதியை ஒருவருக்கு மட்டும் சொன்னால் சலுகை, எல்லாருக்கும் சொன்னால் அறிவிப்பு. மைக்கை வாங்கி இரண்டு முறை அறிவித்தேன். வரிசையை மாற்ற நான்கு மணி வரை நேரம் உண்டு என்பதையும் சேர்த்தேன்.

சிக்கல் என்னவென்றால், பவானிதான் அவர்கள் கிளப்பில் வேகமானவள். கடைசியில் நீந்தி மற்றவர்களைப் பிடிப்பது அவள் வேலை. அவள் முன்னால் போனால் கிளப்பின் வெண்கலம் கையை விட்டுப் போகலாம். நான்கு பெண்களும் என் மேஜைக்கு எதிரிலேயே நின்று பேசினார்கள். செம்பாக்கத்துப் பெண் நித்யா ஃபாரத்தைப் பிடுங்கினாள்.

"நீ ஃபர்ஸ்ட் போடி. லாஸ்ட் நான் போறேன்."

"மெடல் போயிடும்டி."

"போன வருஷ மெடல்ல எங்கம்மா கதவுக்கு முட்டு குடுத்துனு இருக்காங்க. நீ போ."

இன்னொருத்தி தன் புது டெக் சூட்டைத் தருவதாகச் சொன்னாள். பவானி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம். காலைல அந்த மாதிரி சூட்ட போட்டுனு கைய தூக்கவே வரல. தினம் நீந்தறது இதுலதான், இதுலயே நீந்தறேன்."

மாலையில் என் சோதனை பத்து விநாடியில் முடிந்தது. பவானி முதலில் குதித்தாள். திரும்பும்போது அடுத்த லேன் பெண்ணுக்கு அரை உடம்பு பின்னால் இருந்தாள். கடைசி இருபது மீட்டரில் மூச்சே எடுக்காமல் வந்தாள். அதிகாரி கைதட்டக் கூடாது என்பதால் இரண்டு கைகளையும் நோட்டுப் பலகைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

ஸ்கோர் போர்டில் 1:02.88 என்று வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஏழுமலைக்கு எண் புரியவில்லை. "இன்னா ஆச்சு? இன்னா ஆச்சு?" என்று பக்கத்திலிருந்தவரைப் போட்டு உலுக்கினார். புரிந்ததும் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

கிளப் நான்காவதாக வந்தது. நித்யா கரையேறிய உடனே ஓடிப்போய் முதலில் கேட்டது பவானியின் நேரத்தைத்தான்.

4. மேஜை

டெக் சூட் தேவையில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டாதீர்கள். நல்ல நிலையில், பழகிய சூட் இருந்திருந்தால் பவானி இன்னும் கொஞ்சம் குறைத்திருப்பாள். காலையில் அவளிடமிருந்து கால் விநாடியோ அரை விநாடியோ பிடுங்கியது சூட் இல்லாதது அல்ல. கடைசிப் பன்னிரண்டு நிமிடத்தில் அதைக் கழற்றச் சொன்னது. அதைச் சொன்னவள் நான். விதி சரி, நேரம் தப்பு.

அடுத்த போட்டியிலிருந்து, பந்தயத்துக்கு முந்தைய நாளே வார்ம்-அப் குளத்தின் ஓரத்தில் ஒரு மேஜை போட்டு உடைகளைப் பார்க்க ஆரம்பித்தோம். ராகவன் சார் முதலில் "யார் மேடம் வருவா?" என்றார். டேங்கர் தண்ணீருக்கு நிற்பதுபோல் வரிசை நின்றது. ஒரு சூட்டில் ஓட்டை, இன்னொன்றில் பசை போட்டு ஒட்டிய தோள்பட்டை. இருவருக்கும் இரவு முழுக்க நேரம் இருந்தது, மறுநாள் வேறு உடையில் வந்தார்கள். யாரும் அழவில்லை.

புதிதாக விசில் மாட்டிக்கொள்கிற அதிகாரிகளுக்கு நான் சொல்வது இதுதான். தவறைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதைச் சரிசெய்ய எதிரில் நிற்பவருக்கு நேரம் மிச்சம் இருக்கும்போதே கண்டுபிடிப்பது மீதி.