வாயைப் பொத்திய கை

என் அண்ணி யாரையும் நம்பமாட்டாள். பால் பாக்கெட்டில் தேதியைப் பார்ப்பாள். அந்தத் தேதியை அச்சடித்தவனையும் நம்பாமல் முனையைக் கத்தரித்து முகர்ந்து பார்ப்பாள். மழை வராது என்று டிவியில் சொன்னால் குடை எடுப்பாள். வரும் என்று சொன்னால், யாரைக் கேட்டுச் சொல்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே எடுப்பாள். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. நாத்தனார் வாயிலிருந்து வந்தால் எதுவும் குறை மாதிரித்தான் கேட்கும், அதற்கு நான் என்ன செய்ய?

அவளுக்குச் சம்பளமே அதற்குத்தான். பெரிய துணிக்கடை ஒன்றின் வாசலில், வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து, பில்லோடு ஒத்துப்பார்த்து, பில்லில் ஓட்டை போட்டு அனுப்பும் வேலை. காரில் வந்திறங்கிய ஒருத்தி குடைக்குள் குழந்தைச் சட்டைகளைச் சுருட்டிவைத்துக்கொண்டு கம்பி நீட்டப் பார்த்தபோது, குடையைத் தொடாமலே பிடித்தவள் அண்ணி.

"பையைப் பார்க்கவே வேணாம். கையைப் பார்த்தாப் போதும்" என்பாள். "எடுத்தவங்க கை சும்மா இருக்காது. கழுத்தைத் தொடும், காதைத் தொடும், வாயைப் பொத்தும்."

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன், அதாவது என் அண்ணன், ஊர் பார்க்க வாயைப் பொத்திக்கொண்டு திரிய ஆரம்பித்தால் வீடு என்ன ஆகும்?

அண்ணன் துறைமுகக் கால்பந்து அணியில் தடுப்பாட்டக்காரன். பகலில் துறைமுகக் கிடங்கில் வேலை. பந்தை உதைக்கிற வரைக்கும்தான் அந்த வேலையும். ஆட்டத்துக்கு ஆகாது என்று ஒருநாள் எழுதிவிட்டால் கிடங்குச் சாவியையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் எல்லோரும் அந்தச் சாவியில்தான் தொங்கிக்கொண்டிருந்தோம்.

போன சீசனில் ஓர் ஆட்டம். எங்கள் கோல்கீப்பரை அணியில் 'கதவு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைத் தாண்டி எதுவும் போகாது என்று பேர். அன்றைக்குக் கைக்கு நேராக வந்த பந்தை அவர் கோட்டைவிட்டார். அண்ணன் திரும்பி அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். அதை இங்கே எழுதமாட்டேன். சொல்லிவைத்தாற்போல அந்த நேரம் கேமரா அவன் முகத்தில் நின்றது. சத்தம் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. திரை முழுக்க அண்ணன் வாய்; எழுதப் படிக்கத் தெரியாதவனும் படித்துவிடுவான்.

சாயங்காலத்துக்குள் அது எல்லோர் போனிலும் இருந்தது. கால்பந்துச் சங்கம் நான்கு ஆட்டம் தடை போட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் பார்லர் நடத்துகிறேன். புருவம் திருத்த உட்கார்ந்த ஒருத்தி, "இவங்களையெல்லாம் ஆயுசுக்கும் ஆட விடக்கூடாது" என்றாள். என் கையில் நூல்தான் இருந்தது, பிளேடு இல்லை, இல்லாவிட்டால் அவள் புருவம் தப்பித்திருக்காது.

"கணுக்கால்ல பூட்ஸ் ஏறுது, பக்கத்துல இருக்கிறவன் பந்தை விடுறான். தாலாட்டா பாடுவான்?" என்று வீட்டில் வந்து கத்தினேன். "அந்த வார்த்தை அவ்வளவு அசிங்கம்னா, டிவிக்காரன் எதுக்கு அதைத் திரும்பத் திரும்பப் போட்டான்? அதுவும் முன்னாடி ஒரு சோப்பு விளம்பரத்தோட! கேமராமேன் வேணும்னேதான் அவன் மூஞ்சிக்குப் போயிருக்கான். அவங்களுக்கு என்ன தண்டனை?"

அண்ணி என் பக்கம் சேரவில்லை. அவர்கள் மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். தன் ரப்பரை எடுத்த பிள்ளையிடம் அப்பா சொன்ன அதே வார்த்தையை, அப்பா மாதிரியே தாடையை முன்னால் தள்ளிச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் அண்ணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு" என்றாள் அண்ணி. "நாலு ஆட்டம் என்ன, நாப்பது போட்டிருக்கணும். தண்டனை குடுத்தாத்தான் வாய் அடங்கும்."

அவள் வாயிலிருந்து கெட்ட வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. கோபம் தலைக்கேறினால் 'எருமை' என்பாள். அதையும் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் பார்ப்பாள்.

தடை முடிந்து அண்ணன் மைதானத்துக்குத் திரும்பியபோது பேச வாய் திறந்தாலே கை மேலே போனது. ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், கேமராவுக்குப் பயந்து. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டில் உப்பு கேட்கும்போதும் கை வாய்க்குப் போனது. மகள் அதைப் பார்த்துத் தானும் வாயைப் பொத்திக்கொண்டு பாடம் ஒப்பித்தாள். முதலில் சிரித்தோம்.

பிறகு போன் வர ஆரம்பித்தது. போன் அடித்ததும் அண்ணன் மாடிப்படிக்குப் போய்விடுவான். சுவரைப் பார்த்து நின்று, வாயைப் பொத்திக்கொண்டு பேசுவான். அண்ணி அந்தப் பக்கம் துணி காயப்போடப் போனால் பேச்சு நின்றுவிடும்.

"உங்க அண்ணன் கை சும்மா இல்ல" என்றாள் என்னிடம். நான் மழுப்பினேன்.

அடுத்து அவன் ஆட்டப் பையைத் திறந்துவிட்டாள். திறக்காமல் இருந்தால்தான் அதிசயம். அழுக்குச் சட்டை, பூட்ஸ், முழங்கால் பட்டை, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சாக்ஸ். சாக்ஸுக்குள் கண்ணில் விடும் சொட்டு மருந்து. ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் மருந்துக்கடையின் சீட்டு ஒட்டியிருந்தது.

"தூசி கீசி விழுந்திருக்கும் அண்ணி."

"தூசிக்கு எதுக்குச் சாக்ஸுக்குள்ள ஒளிக்கணும்? நம்ம தெருமுனையில மருந்துக்கடை இல்லையா? அங்க யாரு இருக்கா இவருக்கு?"

அவள் மனதில் ஒரு பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது, பெரிய பெரிய கண்களோடு. என் சந்தேகம் வேறு, அதைவிட மோசம். காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்று ஆட்டத்தை விற்கிறவர்களைப் பற்றி அப்போது பேப்பரில் அடிபட்டுக்கொண்டிருந்தது. வாயைப் பொத்திப் பேசுகிறவன் எதைப் பேசமாட்டான்? ஆனால் அண்ணன் மேல் அப்படி ஒரு நினைப்பை வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியவில்லை.

"கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்க மாட்டேன். கடைக்குள்ள வெச்சுப் பிடிச்சா, பில்லு போடத்தான் போறேன்னு சொல்லிடுவாங்க. வாசலைத் தாண்ட விட்டுத்தான் பிடிக்கணும்" என்று மருந்தைச் சாக்ஸுக்குள்ளேயே திரும்ப வைத்தாள். அதன் பிறகு வீட்டில் கண்கொத்திப் பாம்பாக இருந்தாள். சாப்பாட்டில் கை வைப்பாள், எழுந்துவிடுவாள். கன்னம் ஒட்டிப்போனது.

அந்த நேரத்தில்தான் இரண்டாவது வில்லங்கம் வந்தது. எதிரணிக்கு ஒரு கார்னர் கிக் கிடைத்தது. உதைப்பதற்கு முன்னால் அண்ணன் விடுவிடுவென்று கதவிடம் போய், வாயைப் பொத்திக்கொண்டு காதோரம் ஏதோ சொன்னான். மறுநொடி வந்த பந்து கதவின் வலது பக்கமாக உள்ளே போனது. தோற்றோம். அவன் என்ன சொன்னான் என்று டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து விவாதித்தார்கள். மறுபடியும் கெட்ட வார்த்தைதான் என்றார்கள். சங்கம் விசாரணைக்கு அழைத்தது. வீட்டார் கூட வரலாம் என்றார்கள். அண்ணியும் நானும் போனோம்.

நீளமான மேசை. அதன் பின்னால் டை கட்டிய தலைவர், வக்கீல் அம்மா ஒருவர், மூக்கு ஒரு பக்கம் வளைந்த பழைய ஆட்டக்காரர் ஒருவர். ஓரத்தில் முக்காலி மேல் ஒரு கேமரா, சிவப்பு விளக்கோடு. எல்லாவற்றையும் பதிவு செய்வார்களாம்.

"கெட்ட வார்த்தை பேசினீங்களா?" என்றார் தலைவர்.

"இல்ல சார்."

"அப்போ என்ன பேசினீங்க?"

அண்ணன் ஓரத்துக் கேமராவைப் பார்த்தான்.

"நல்ல வார்த்தைன்னா வாயை ஏன் பொத்தினீங்க?"

அண்ணன் கை வாய்க்குத்தான் போனது. எனக்கு எழுந்துபோய் அந்தக் கையில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

வளைந்த மூக்குக்காரர் முன்னால் சாய்ந்தார். "தம்பி, நானும் ஆடினவன்தான். நீ போய்க் காதுல சொல்ற. அடுத்து வந்த பந்து அவர் வலது பக்கமா உள்ள போகுது. அவர் அசையக்கூட இல்ல. திட்டலைன்னா, வேற என்ன? யாருக்கு வித்தீங்க?"

தலைவர் நிதானமாக விளக்கினார். கெட்ட வார்த்தை என்றால் இந்த முறை ஆறு ஆட்டம் தடை. ஆட்டத்தை விற்றது என்றால் ஆயுள் முழுக்கத் தடை, இரண்டு பேருக்கும். என் கண்ணுக்குக் கிடங்குச் சாவிதான் தெரிந்தது. அண்ணனோ திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றான். விற்றேவிட்டான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

கதவைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். நெடிய மனிதர், அன்றைக்குக் குறுகிப்போய் வந்தார்.

"கூட்டத்துச் சத்தத்துல எனக்குச் சரியா கேக்கலைங்க" என்றார். நாக்கு வறண்டிருக்க வேண்டும், மேசைமேல் இருந்த தண்ணீர் ஜாடியை எடுத்துத் தம்ளரில் ஊற்றினார். தண்ணீர் தம்ளரில் விழவில்லை. பக்கத்தில், மேசைமேல் விழுந்து, தலைவரின் காகிதம் வரை ஓடியது. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"பதட்டப்படாதீங்க" என்றார் தலைவர், காகிதத்தைத் தூக்கிக்கொண்டு.

அதற்குள் அண்ணன் எட்டித் தம்ளரை ஜாடியின் வாய்க்கு நேராக நகர்த்தினான். யாரையும் பார்க்காமல், தினமும் செய்கிறவன் மாதிரி.

அண்ணி அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். அண்ணன் கையைப் பார்த்தாள். பிறகு கதவின் முகத்தை, ஒரு கண்ணையும் மறு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கடை வாசலில் அவள் நிற்கும்போது எப்படிப் பார்ப்பாளோ, அதே பார்வை. வாசல் வந்துவிட்டது, பிடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

எழுந்து நின்றாள்.

"சார், அவர் கெட்ட வார்த்தைதான் சொன்னார்."

"ஏம்மா, நீ சும்மா இரு" என்றான் அண்ணன்.

"வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லிட்டார் சார். போன தடவை பட்ட அவமானத்துல இங்க ஒத்துக்கக் கூச்சப்படுறார். விக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல. திட்டினார். அதான்."

தலைவர் நம்பவில்லை. "என்ன வார்த்தை?" என்றார். ஒரு பெண்பிள்ளை, அதுவும் இத்தனை பேர் முன்னால், வாயே திறக்கமாட்டாள் என்று நினைத்திருப்பார்.

அண்ணி சொன்னாள். சிவப்பு விளக்கைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதைப் போல நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள். அதோடு விடவில்லை. கதவின் பரம்பரையையும் இழுத்து, அண்ணனே இதுவரை சொல்லாத இரண்டை முன்னும் பின்னும் சேர்த்துச் சொன்னாள். எங்கே பிடித்தாளோ! வக்கீல் அம்மாவின் பேனா கீழே விழுந்தது. மகள் நல்லவேளை அங்கே இல்லை.

வளைந்த மூக்குக்காரர் மட்டும் நாற்காலியில் சாய்ந்தார். "ஆமா, கார்னர் குடுத்துட்டா கீப்பரை இதைத்தான் சொல்லுவாங்க" என்றார், ஏதோ பழைய ஞாபகத்தில்.

"கேமராவை நிறுத்துங்க!" என்று தலைவர் கத்தினார். "இந்த அம்மா பேசினதை அழிச்சிடுங்க!"

உடனே அழித்துவிட்டார்கள். அழிக்க முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் அண்ணன் வாயைச் சோப்பு விளம்பரத்தோடு ஊருக்கெல்லாம் காட்டியவர்களுக்கு, தங்கள் அறைக்குள் விழுந்த அதே வார்த்தையைத் துடைக்க ஒரு பொத்தான் போதுமாக இருந்தது.

கெட்ட வார்த்தை பேசியதற்கு ஆறு ஆட்டம் தடை. விற்ற பேச்சை யாரும் அதற்கு மேல் எடுக்கவில்லை. சாவி தப்பித்தது.

வெளியே நடைவழியில் நின்றோம். கதவு வந்து எங்களைத் தேடினார். நாங்கள் அவருக்கு வலது பக்கம் பக்கத்திலேயே நின்றோம், அவர் தூரத்தில் தேடிக்கொண்டிருந்தார். அண்ணி சுற்றிக்கொண்டு அவருடைய இடது பக்கம் போனாள்.

"அண்ணே, இங்க இருக்கேன். வலது கண்ணு எப்ப இருந்து தெரியல?"

அவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அண்ணன் வாய் பிளந்து நின்றான். முதல் தடவையாக அதைப் பொத்த மறந்துபோனான்.

"அன்னிக்கு இவன் திட்டினானே, அந்தப் பந்தே எனக்குத் தெரியலம்மா" என்றார் கதவு. "ஆட்டம் முடிஞ்சதும் இவன்கிட்ட மட்டும் சொன்னேன். அதுலேருந்து வலது பக்கம் யாரு நிக்கிறா, எத்தனை பேருன்னு இவன்தான் வந்து சொல்லுவான். மருந்து தீர்ந்தா இவனுக்குத்தான் போன் போடுவேன், தெரிஞ்சவங்க கண்ணுல படாம தூரத்துக் கடையில வாங்கிட்டு வருவான். சீசன் முடிஞ்சதும் ஆபரேஷன். அதுவரைக்கும் டீம்ல இருந்தாத்தான் துறைமுக ஆஸ்பத்திரியில செய்வாங்க. வீட்டுல கூட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன்."

தன் பிழைப்புக்காக இன்னொருவன் பிழைப்பைப் பணயம் வைக்கலாமா என்று அவரிடம் எனக்கு ஒரு கோபம் வந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் ஆயுள் தடை என்று கேட்டும் வாய் திறக்காத அண்ணனை, விற்றேவிட்டான் என்று முடிவு கட்டியவள் நான். அண்ணி அப்படி முடிவு கட்டவில்லை. வாசலில் ஒருத்தர் பையையும் திறக்காமல் விடாதவள், கதவு ஒளித்துவைத்த இந்த ஒரு பையை மட்டும் அந்த மேசை முன்னால் திறக்காமல் விட்டிருக்கிறாள்.

"நாளைக்கே விரல்ல அடிபட்டுச்சுன்னு கட்டுப் போட்டுக்கிட்டு உக்காருங்க" என்றாள் அவரிடம். "உக்காந்திருந்தாலும் டீம் ஆளுதான். இவர் இல்லாம இறங்கினீங்க, உங்களையும் காட்டிக்குடுத்து இவரையும் காட்டிக்குடுப்பீங்க."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு மருந்து பாட்டிலுக்காகச் சோறு இறங்காம கிடந்தேன். இல்லாத ஒருத்திக்கு நானே கண்ணு, மூக்கு, முடி எல்லாம் வெச்சு, அவளுக்குப் பயந்துக்கிட்டுக் கிடந்தேன். இனிமே என்கிட்ட ஏதாவது மறைச்சீங்க..." என்று ஆரம்பித்து, என் அண்ணனை அந்த வார்த்தையாலேயே கூப்பிட்டாள். இரண்டாம் தடவை அது அவளுக்கு எளிதாகவே வந்தது.

அவள் தலைக்கு மேலே, நடைவழிச் சுவரின் மூலையில், சின்னதாக ஒரு கேமரா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் அதைக் கவனித்துவிட்டான். பழக்கத்தில் கை விருட்டென்று மேலே எழுந்தது. எழுந்துபோய் அவள் வாயைப் பொத்தியது.