பெருக்கல் வண்டியின் குரல்

“மாடியில் துணி காயப்போடும் அம்மாவுக்கு நன்றி! நீலச் சைக்கிளில் போகும் தம்பிக்கு நன்றி! வேலிக்கு மேலே கையை விரித்து வாழ்த்தும் பெரியவருக்கு…” என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே வந்த கினுயோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வேலிக்கு மேலே நின்றது காக்கை விரட்டும் வைக்கோல் பொம்மை. “…பெரியவருக்கும் நன்றி!” என்று முடித்தாள். ஆரம்பித்த நன்றியைப் பாதியில் நிறுத்துவது அவள் தொழிலில் கிடையாது.

குரேத்தோ துறைமுகத்தில் எந்தத் தேர்தல் வந்தாலும் கினுயோவின் குரலும் கூடவே வரும். நகரசபைத் தேர்தல், மீனவர் சங்கத் தேர்தல், பள்ளிக்கூட வாரியத் தேர்தல், எதுவானாலும் சரி. வேனின் ஜன்னல் ஓரம் இரண்டு மெத்தைகளைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். ஆள் அவ்வளவு குள்ளம். வெள்ளைக் கையுறை போட்ட கை மட்டும் வெளியே நீண்டு, காற்றைத் தடவிக்கொடுப்பதுபோல ஆடும். வண்டி ஓடுகிற வரையில் கையுறையைக் கழற்றமாட்டாள். மூக்கு அரித்தாலும் சொறிவதில்லை. குரலோ, பாகு சரியான பதத்துக்கு வந்த மாதிரி. அந்தக் குரலில் சாக்கடை வரியை உயர்த்தப் போகிறோம் என்று சொன்னால்கூட ஜனங்கள் ஜன்னலைத் திறந்து கேட்பார்கள்.

பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பூனை வழிவிட்டால் பூனைக்கு நன்றி. அரிசி கொதித்தால் அரிசிக்கு நன்றி. ஒருமுறை தூக்கத்தில் “குறட்டை மூலம் ஆதரவு தெரிவிக்கும் அன்பருக்கு நன்றி” என்று சொன்னதாக மிட்சு ஊரெல்லாம் பரப்பிவிட்டாள். குறட்டை விட்டது மிட்சுதான்.

மிட்சு டோஃபு கடைக்காரி. விடியுமுன் எழுந்து சோயா அரைப்பவள். கல் திருகைபோலத் தோள்கள், தட்டையான குரல். தலைமயிர் கறுப்பாயிருந்த காலத்திலிருந்து இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மிட்சு கினுயோவுக்கு யார் என்பது குரேத்தோவில் எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை, கினுயோவும் சொன்னதில்லை. ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசிச் சம்பாதிப்பவள் அந்த ஒன்றை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

இந்த வருஷம் அமாஷிரோ நாடு முழுவதற்கும் ஒரு கேள்வி வந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாமா? ஆமென்றால் ஓட்டுச் சீட்டில் வட்டம் போட வேண்டும், கூடாதென்றால் பெருக்கல் குறி. மறுநாளே தெருவில் வட்ட வண்டிகளும் பெருக்கல் வண்டிகளும் கிளம்பிவிட்டன.

கினுயோவின் வாசலில் முதலில் வந்து குனிந்தவர் பெருக்கல் தரப்புத் தலைவர் ஒகானே. சவ அடக்கத்துக்கு மலர்வளையம் கட்டும் கடை வைத்திருப்பவர். கல்யாணத்தைப் பற்றி அவருக்கு அபாரமான அக்கறை. முதலில் குனிந்தவருக்கே குரல் என்பது கினுயோவின் வழக்கம். சரி என்று சொல்லிவிட்டாள்.

மிட்சு அன்றைக்கு டோஃபுவை வழக்கத்தைவிடச் சின்னச் சின்னதாக வெட்டினாள்.

“அந்த ஆளுகிட்ட ஏன் ஒத்துக்கிட்டே?”

“முதல்ல வந்தாரு.”

“முடியாதுன்னு சொல்றதுக்கென்ன?”

“முடியாதுன்னா ஏன்னு கேப்பாங்க.”

“கேட்டா சொல்லு.”

“எதுக்குச் சொல்லணும்? ஊருக்குத்தான் தெரியுமே.”

“ஊருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தெரியலியே!”

போன குளிர்காலத்தில் மிட்சுவுக்குப் பித்தப்பையில் கல் புரண்டு, வலியில் சுருண்டுவிட்டாள். தள்ளுவண்டியில் கிடத்தி உள்ளே கொண்டுபோகும்போது ஆஸ்பத்திரிக்காரப் பெண் கேட்டாள்: “நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?” கினுயோ தொழில் சுத்தமான அந்தக் குரலில், கூடம் முழுக்கக் கேட்கும்படி, “பக்கத்து அறை” என்று சொன்னாள். தள்ளுவண்டியில் கிடந்த மிட்சுவின் காதிலும் அது விழுந்தது. ரத்த சம்பந்தம் உள்ளவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். எங்கோ வெளித்தீவில் இருந்த மிட்சுவின் அண்ணன் மகனைப் படகில் வரவழைத்தார்கள். அவன் வழியெல்லாம் வாந்தி எடுத்து, மிட்சுவைவிட மோசமான நிலையில் வந்து இறங்கினான். அத்தையின் பெயரைத் தப்பாக எழுதினான். எழுதி முடித்ததும் சுட்ட விலாங்கு மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். அதற்குள் வலி அடங்கிவிட்டதால், மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கல் இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஓட்டெடுப்பு முடிந்த பிறகு எடுத்துவிடலாம் என்று டாக்டர் நாள் குறித்திருக்கிறார். இந்தத் தடவை யார் கையெழுத்துப் போடுவது என்று மட்டும் யாரும் குறிக்கவில்லை.

கினுயோ பெருக்கல் வண்டியில் ஏறிய மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மிட்சு கையில் ஒரு மைக்கோடு வீட்டுக்கு வந்தாள். வட்டத் தரப்பின் கூட்டத்தில் எழுந்து நின்று விலாங்கு மீன் கதையைச் சொல்லியிருக்கிறாள். கூட்டம் சிரித்து, அழுது, அவளையே வண்டியில் ஏற்றிவிட்டது. அவர்களுக்குத் தொழில்முறைக் குரல் அகப்படவில்லை. அகப்படக்கூடிய ஒரே குரல் எதிர்வண்டியில் இருந்தது.

இதில் கினுயோவுக்கு அவமானமாகப் பட்டது ஒன்றுதான். மிட்சு பேசிய லட்சணம். மைக்கைக் கடித்துத் தின்பவள்போலப் பிடித்துக்கொண்டு, “வட்டம் போடுங்க, தயவுசெஞ்சு போடுங்க” என்று மூக்கால் அழுதாள். கினுயோவால் பொறுக்க முடியவில்லை. சாப்பாட்டு மேஜையிலேயே பாடம் ஆரம்பித்துவிட்டது.

“வயித்துலேருந்து பேசுடி. மூக்குக்கு இதுல என்ன வேலை?”

“சோயா அரைக்கிறவளுக்கு வயித்துல என்ன குரல் இருக்கும்?”

“கெஞ்சாதே. அவங்க ஏற்கெனவே வட்டம் போட்டுட்ட மாதிரி நன்றி சொல்லு. போடாதவங்களுக்கு வெக்கம் வரணும்.”

“நீ எந்தப் பக்கம்னே புரியலியே!”

“காதுல விழுற மாதிரி பேசுறவங்க பக்கம். முள்ளங்கி ஊறுகாயை இந்தப் பக்கம் தள்ளு.”

காலையில் இருவரும் ஒரே வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் போவார்கள். போகுமுன் கினுயோ எதேச்சையாகக் கேட்பதுபோல, “இன்னிக்கு எந்தத் தெரு?” என்று கேட்பாள். “எதிரிக்கு எதுக்குச் சொல்லணும்?” என்று சொல்லிவிட்டு மிட்சு சொல்லிவிடுவாள். கினுயோ வேன் ஓட்டும் கன்ஜியிடம் அந்தத் தெருவைத் தவிர எல்லாத் தெருவுக்கும் போகச் சொல்வாள்.

காரணம் எதிர்வணக்கம். குரேத்தோவில் இரண்டு பிரசார வண்டிகள் நேருக்கு நேர் சந்தித்தால், பிந்தி வந்த வண்டி பேச்சை நிறுத்திவிட்டு முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். எதிர்க்குரல் எந்த வீடு என்று சொல்லி, பெயரைச் சொல்லி, அவர் உடம்புக்கு ஏதாவது ஒரு நல்லதை மனசாரச் சொல்ல வேண்டும். மற்றவர் பதில் வணக்கம் சொன்ன பிறகே வண்டிகள் நகரலாம். இதில் மழுப்பினால் அந்தத் தரப்புக்கு மரியாதை தெரியாது என்று ஊரே ஓட்டை மாற்றிப் போடும். மீனவர் சங்கத் தேர்தலில் கினுயோ, “மேட்டு வீட்டு சாகிச்சி அவர்களே, உங்கள் மூலம் சீக்கிரம் குணமாகட்டும்!” என்று மனசார வாழ்த்தியதில் துறைமுகம் முழுக்க விஷயம் தெரிந்துபோயிற்று. அந்த சாகிச்சி இன்றைக்கும் அவளைக் கண்டால் நின்றுகொண்டேதான் பேசுவார்.

ஒகானேவுக்கு அவளிடம் வேறு குறைகள் இருந்தன. அன்றாடம் வேனின் பின்சீட்டில் இருந்து முணுமுணுப்பார்.

“அக்கா, அவங்க வட்டக் கொடியை ஆட்டுறாங்க. அவங்களுக்கு ஏன் நன்றி சொல்றீங்க?”

“கையை ஆட்டுனாங்களே.”

“அது நம்மளைப் போன்னு ஆட்டினது!”

“ஆட்டினது ஆட்டினதுதான் தலைவரே. எதுக்கு ஆட்டினீங்கன்னு இறங்கிப் போய்க் கேக்கவா முடியும்?”

ஒருநாள் அவர் இருமியபடி அவள் இடுப்பில் தொங்கும் தகர டப்பாவைப் பார்த்தார். அதில் கினுயோ நார்த்தங்காயும் தேனும் சேர்த்துத் தானே காய்ச்சிய மிட்டாய்கள் இருக்கும். அவளுடைய குரலின் ரகசியம் அது. யாருக்கும் கொடுத்ததில்லை. நகரசபைத் தலைவரே கேட்டும் கொடுத்ததில்லை.

“ஒண்ணு குடுங்கக்கா, தொண்டை கட்டிருச்சு.”

“கட்டிக்கிட்டுப் போகட்டும் தலைவரே. ஓட்டு கூடும்.”

கன்ஜி சிரிப்பை அடக்கத் தெரியாமல் ஹாரனை அடித்தான்.

பிரசாரத்தின் கடைசி நாள் மத்தியானம் மீன் சந்தைச் சாலையில் முட்டைக்கோஸ் லாரி ஒன்று சரிந்துவிட்டது. ஊர் வண்டிகளெல்லாம் உப்புப் பாலத்து வழியாகத் திருப்பிவிடப்பட்டன. உப்புப் பாலத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், பக்கவாட்டுக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்துத்தான் கடக்க வேண்டும். பெருக்கல் வண்டி பாலத்தின் நடுவுக்கு வந்தபோது எதிரே வட்ட வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. கன்ஜி ஜன்னலும் ஜன்னலும் ஒட்டி வரும்படி பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். எதிர் ஜன்னலில் மிட்சு, கழுத்தில் துண்டு, கையில் மைக்.

பிந்தி வந்தது பெருக்கல் வண்டி. முதல் வணக்கம் கினுயோவுடையது.

பாலத்தடியில் கணவாய் மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். முடிதிருத்தும் கடையிலிருந்து தலையில் பாதிச் சுருளோடு இரண்டு பெண்கள் வெளியே வந்தார்கள். “வந்துருச்சு, வந்துருச்சு! ஒரே வீட்டு ரெண்டு வண்டியும் வந்துருச்சு!” என்று யாரோ உள்ளே குரல் கொடுத்தார்கள்.

ஒகானே முன்னால் எட்டிக் கிசுகிசுத்தார். “சுருக்கமா முடிச்சிருங்கக்கா. வீட்டை இழுக்காதீங்க. டோஃபு கடை மிட்சுன்னு சொன்னாப் போதும்.”

கினுயோ மைக்கை எடுத்தாள். “டோஃபு கடை…” என்று ஆரம்பித்தாள்.

எதிர் ஜன்னலில் மிட்சு தலையைக் குனிந்துகொண்டு துண்டைச் சரிசெய்தாள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் தள்ளுவண்டியில் கிடந்தபோதும் அவள் போர்வையை இப்படித்தான் சரிசெய்தாள்.

ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்தாத கினுயோ அன்றைக்கு நிறுத்தினாள். கணவாய்க்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஒலிபெருக்கி சும்மா இரைந்துகொண்டிருந்தது.

“எங்கள் வீட்டு மிட்சு அவர்களே!” என்றாள். பாகு பதம் கொஞ்சம் தப்பியிருந்தது. “உங்கள் பித்தப்பைக் கல் நல்லபடியாக வெளியே வரட்டும். அன்றைக்குப் படகில் யாரும் வாந்தி எடுத்துக்கொண்டு வர வேண்டாம். நான் வாசலிலேயே நிற்பேன். போன தடவை பக்கத்து அறை என்று சொன்னது தப்பு. ஒரே அறைதான்.”

“மைக்கை அணைங்க! அணைங்க!” என்று ஒகானே சீட்டுக்கு மேலே பாய்ந்து பொத்தானைத் தேடினார். கைக்கு அகப்பட்டது வேறு பொத்தான். மழையில்லாத வெயிலில் வைப்பர்கள் இரண்டும் கண்ணாடியில் கிறீச் கிறீச் என்று அடித்துக்கொண்டன. கன்ஜிக்கு எந்தப் பொத்தான் என்று நன்றாகத் தெரியும். அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அட, இது ஊருக்கே தெரிஞ்சதுதானே!” என்றாள் சுருள் முடிக்காரி.

“தெரிஞ்சதுதான்டி. ஆனா அவ வாயால கேக்கிறது இப்பத்தானே!” என்றாள் மற்றவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

இனி மிட்சுவின் முறை. அவள் மைக்கை வாய்க்கு நேராக வைத்தாள். வயிற்றிலிருந்துதான் முயன்றாள், சொல்லிக்கொடுத்தபடி. வந்தது வெறும் காற்று. நாள் கணக்காகக் கத்தியதில் தொண்டை அடியோடு போயிருந்தது. மறுபடி முயன்றாள். அடைத்த குழாயில் தண்ணீர் தேடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. பதில் வணக்கம் இல்லாமல் வண்டி நகர முடியாது.

“இந்த வழக்கமே ஒரு எரிச்சல்!” என்றார் ஒகானே, வைப்பரோடு போராடிக்கொண்டே.

கினுயோ இடுப்பிலிருந்து டப்பாவை அவிழ்த்தாள். ஆட்டிப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் உருண்டது. கையுறை விரலால் அதை எடுக்கப் பார்த்தாள், வழுக்கியது. விரல் நுனியைப் பல்லால் கடித்து இழுத்து, வெள்ளைக் கையுறையைக் கழற்றி மடியில் போட்டாள். பிறகு இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே, குரேத்தோ இதுவரை வண்டி ஜன்னலில் கண்டிராத தன் வெறுங்கையை நீட்டி, மிட்டாயை மிட்சுவின் வாயில் போட்டுவிட்டு, அவள் மோவாயைத் தள்ளி வாயை மூடினாள். மிட்சுவின் மைக் திறந்தே இருந்ததால், நார்த்தங்காய் மிட்டாய் பல்லில் மோதி உருளுகிற சத்தம் துறைமுகம் முழுக்கக் கேட்டது.