முப்பத்தொன்றா, முப்பத்திரண்டா?

பெயிண்ட் கடை என்பது பாதி கடை, பாதி பஞ்சாயத்து. சுவருக்குக் கலர் தேடி அலைந்து நொந்தவர்களே, உங்களைச் சிரிக்கவைக்க ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் இப்போது தரமாட்டேன். நான் நடுங்கிய அளவு நீங்களும் நடுங்குங்கள், அப்புறம் சிரிக்கலாம்.

இரண்டு சாம்பல்

உத்தமபாளையத்தில் எங்கள் அப்பாவின் கடை. பிளஸ் டூ முடித்த லீவில் நானும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புது வீட்டுக்கு அடுத்த வாரம் பால் காய்ச்சப்போகும் டீச்சரும் அவர் கணவரும் வந்தார்கள். கலர் கார்டில் 31, 32. இரண்டுமே சாம்பலில் கொஞ்சம் சந்தனம் குழைத்த மாதிரி இருந்தன. “தம்பி, வெயில்ல காட்டுங்க. தம்பி, டியூப்லைட்டுல காட்டுங்க” என்று அப்பாவை ஒரு மணி நேரம் ஏவிப் பார்த்து, 31 என்று முடித்தார் டீச்சர். அவர் வாசலுக்குப் போனதும் கணவர் அப்பா காதில் சொன்னார்: “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது தம்பி. அவகிட்டச் சொல்லிப்புடாத.”

டீச்சர் குரல்

கண்டக்டர், ஹெட்மாஸ்டர், மீன்காரர், யார் குரலும் எனக்கு வரும். கடைக்கு மேலேதான் வீடு. கடையின் பழைய போனில் யார் கூப்பிட்டாலும் நம்பர் தெரியாது. மாடியிலிருந்து டீச்சர் குரலில் கடைக்குப் போன் போட்டேன்: “அண்ணே, 31 வேணாம், 32 கலந்துருங்க.” உடனே ஓடிப்போய்ச் சிரிக்கவேண்டியது. அதற்குள் அம்மா துணி காயப்போடப் பிடித்துக்கொண்டார். இறங்கி வரும்போது பெயிண்ட் ஏற்றிய லோடு ஆட்டோ தெருமுனை தாண்டிவிட்டது. கலந்த பெயிண்டைக் கம்பெனியும் திருப்பி எடுக்காது, வேறு யாரும் வாங்கமாட்டார்கள். அப்பா கை துடைத்தபடி சொன்னார்: “நல்லவேளை, கலக்குறதுக்கு முன்னாடியே டீச்சர் போன் பண்ணிச் சொல்லிட்டாக.”

சுவருக்குக் காய்ச்சல்

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சொன்னால் அப்பா, சொல்லாவிட்டால் டீச்சர். சுவர் தேய்க்கிற உப்புத்தாள் கொடுக்கும் சாக்கில் அந்த வீட்டுக்குப் போனேன். அப்பா பக்கெட்டில் நம்பர் எழுதமாட்டார், கலந்ததை ஒரு விரல் தொட்டு மூடியில் அப்பிவிடுவார். மூடியையும் கார்டையும் ஒட்டிப் பார்த்தேன். 31தான். மறுபடி பார்த்தால் 32. சுவரில் கை வைத்தேன், இன்னும் ஈரம். பெயிண்டர் மாமா ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தார்: “என்ன பாப்பா, சுவத்துக்குக் காய்ச்சலா? காயட்டும். நாளைக்கு டீச்சர் வந்து பாத்துட்டு ஆடப்போறாக பாரு.”

மணி அடித்தது

மறுநாள் கடையில் நான் மட்டும். போனை எடுத்தால் டீச்சர்! “ஏம்மா, என் கலர மாத்துனது யாரு? இந்தா கடைக்குத்தான் வாரேன்.” “நாந்தான் டீச்சர், உங்க குரல்ல பேசுனேன். அப்பா மேல தப்பில்ல, அவர வையாதீக” என்று அழுதே விட்டேன்.

ஒரு காலி டப்பா உருளும் சத்தம் போனில் கேட்டது. அதே சத்தம் பின்னாடி குடோனிலும் கேட்டது. திரும்பினேன். செல்போனைக் காதில் வைத்தபடி அப்பா நின்றிருந்தார், டீச்சர் குரலிலேயே பேசிக்கொண்டு:

“31தான் ஆத்தா கலந்தேன். டீச்சரு என்னயத் தம்பிம்பாகளே ஒழிய, என்னைக்கு அண்ணேன்னாக?”

எல்லார் குரலும் எனக்கு வரும் என்று ஊரெல்லாம் பீற்றித் திரிந்தேனே தவிர, அது யாரிடமிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.