மூலையில் ஒரு கீறல், வேறு சேதமில்லை

முன்னறையில் கமரா 'க்ளிக்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'க்ளிக்'.

குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த தயாபரன் கையை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்தார். தன் வீட்டுக்குள் வேறொருவர் ஏதோ செய்கிற சத்தம். அது என்ன சத்தமாக இருந்தாலும் அவருக்குப் பிடிக்கும். கதிரை இழுபடுகிற சத்தமாக இருக்கட்டும், வெறும் இருமலாக இருக்கட்டும். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீட்டில், கிழமையில் ஆறு நாளும் அவர் கேட்பது ரயில் போகிற சத்தத்தையும் பிரிட்ஜ் உறுமுவதையும்தான். சனிக்கிழமை பின்னேரங்களில் மட்டும் யாராவது வருவார்கள். அவரைப் பார்க்க அல்ல. அவர் விற்பனைக்குப் போட்டிருக்கும் கமராவைப் பார்க்க.

"அங்கிள், சீனி குறைச்சுப் போடுங்க."

"போட்டாச்சு பிள்ளை. கலக்காமல் கொண்டுவாறன், அடியில கிடக்கட்டும்."

முன்னறையிலிருந்து ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்காகவே, பேக்கரியில் வாங்கிய பொரித்த பற்றிஸ் இரண்டு எடுத்துவைத்த தட்டில் நான்காக வைத்தார்.

வந்திருந்தவள் பெயர் மயூரி. கொட்டாஞ்சேனையில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். எட்டு வருடமாக இன்னொருவருடைய ஸ்டூடியோவுக்காகக் கல்யாண வீடுகளில் படம் எடுத்தவள். இப்போது அதை விட்டுவிட்டுத் தன் பெயரில் முதல் கல்யாணம் ஒன்றைப் பிடித்திருந்தாள். மட்டக்குளியில், நாளைக் காலை எட்டரைக்கு முகூர்த்தம்.

"இருந்த கமராவில ஷட்டர் செத்துப்போச்சு அங்கிள்," என்று வந்தவுடனேயே சொல்லியிருந்தாள். "கடையில புதுசு கேட்டேன். சொன்ன விலைக்கு நானே கல்யாணம் கட்டிக்கலாம். சரின்னு ஒன்லைன்ல ஒருத்தன்கிட்ட பழசு வாங்கினேன். போட்டோவுல பளபளன்னு இருந்துச்சு. நேத்துப் பார்சல் வந்து பிரிச்சா லென்ஸுக்குள்ள பூஞ்சணம், வலை கட்டின மாதிரி. போன் எடுத்தா அவன் போன் ஓஃப். கல்யாண சீசன், வாடகைக்கும் ஒண்ணும் மிச்சமில்ல. இனிக் கையால தொட்டுப் பார்க்காம ஒரு சாமானும் வாங்க மாட்டேன்."

தயாபரன் தலையாட்டினார். அவருடைய கமராவை யாரும் தொட்டுப் பார்க்கலாம். எட்டு மாதமாக முப்பத்தொரு பேர் தொட்டுப் பார்த்துவிட்டார்கள்.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இருபத்தேழு வருடம் ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெய்னர் யார்டில் வேலை பார்த்தவர். திரும்பி வருகிற பெட்டிகளில் எங்கே நெளிவு, எங்கே துரு, எங்கே ஓட்டை என்று பார்த்துப் படம் எடுத்துப் பதிவது அவர் வேலை. கம்பனி கொடுத்த கமராவால் எத்தனை ஆயிரம் பெட்டிகளைப் படம் பிடித்திருப்பார் என்பது அவருக்கே தெரியாது. நம்பர் நேராக விழ வேண்டும், சேதம் தெளிவாக விழ வேண்டும். ஒரு மனித முகம் குறுக்கே வந்தால் அந்தப் படம் கழிவு.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா போனபோது அவருக்கு ஐம்பத்திரண்டு. பென்ஷன் வயது வந்து வேலையை விட்ட நாளில் ஒரு ஆசை வந்தது. சொந்தமாக ஒரு கமரா வாங்க வேண்டும், இனிமேல் முகங்களை மட்டும் எடுக்க வேண்டும்.

பம்பலப்பிட்டியில் நிலாம் என்பவருடைய கடைக்குப் போனார். சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் கிடக்கும். முதல் நாளே நிலாம் அதைத் தள்ளிவிட்டு, "குந்துங்க அண்ணே, கமரா எங்கயும் ஓடாது. மொதல்ல பிளேன்டி குடிங்க," என்றார். தயாபரன் பதினொரு தடவை போய் வந்த பிறகுதான் கமராவை வாங்கினார். வாங்கிய பிறகு போகக் காரணம் வேண்டியிருந்தது. ஒரு மாதம் பை வாங்கினார், அடுத்த மாதம் பில்டர், அதற்கடுத்த மாதம் முக்காலி. லென்ஸ் துடைக்கிற துணி மட்டும் ஐந்து.

"இத்தனை துணி எதுக்கு அண்ணே? சாறனா தைக்கப் போறீங்க?" என்று நிலாம் கேட்டபோது கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். தயாபரனும் சிரித்தார். அன்று வீடு வரைக்கும் அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது.

ஒரு நாள் கடைக் கதவில் பூட்டு. கண்ணாடியில் ஒரு போன் நம்பர். நிலாம் வியாபாரத்தை ஒன்லைனுக்கு மாற்றிவிட்டார். "வாடகை கட்டேலாது அண்ணே. இப்ப எல்லாம் வாட்ஸ்அப்லதான். என்ன வேணும், சொல்லுங்க, வீட்டுக்கே அனுப்புறன்," என்றார் போனில். தயாபரன் இன்னொரு துணிக்குச் சொன்னார். மறுநாள் மோட்டார் சைக்கிளில் வந்த ஆள் பார்சலைக் கீழே செக்யூரிட்டியிடம் போட்டுவிட்டுப் போய்விட்டான். மேலே ஏறிக்கூட வரவில்லை.

முகங்களை எடுக்க வாங்கிய கமராவில் இரண்டு வருடத்தில் விழுந்ததெல்லாம் கடல், பல்கனி, ஒரு பூனை. வீட்டுக்கு யாரும் வந்தால்தானே முகம். கடைசியில் அதை விற்றுவிட நினைத்து ஒன்லைனில் விளம்பரம் போட்டார். யார்ட் பழக்கம் விடவில்லை. 'இடது கீழ் மூலையில் இரண்டு மில்லிமீற்றர் கீறல். வேறு சேதமில்லை. சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கவும்' என்று எழுதினார்.

முதலில் வந்தவன் கல்கிசையில் இருந்து ரிம்ஸான் என்றொரு இளைஞன். இரண்டு மணி நேரம் இருந்தான். கிரிக்கெட் கதைத்தான், தன் மாமியாரைப் பற்றிக் கதைத்தான், மூன்று கட்லட் சாப்பிட்டான். மறுநாள் போன் எடுத்து, "அங்கிள், நான் எடுக்கிறேன்," என்றான். அதற்குள் அடுத்த சனிக்கிழமைக்கு இன்னொருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். தயாபரனின் வாய் தானாகவே, "அது வித்துப்போச்சு தம்பி," என்றது. விளம்பரத்தை அவர் எடுக்கவில்லை.

அப்படித்தான் தொடங்கியது. ஒருவரிடம் விற்றாகிவிட்டது என்பார், ஒருவரிடம் மருமகன் கேட்கிறான் என்பார். சம்மதித்தவரிடம் விலையைப் பத்தாயிரம் ஏற்றுவார். வெள்ளிக்கிழமை பேக்கரிக்குப் போவார், சனிக்கிழமை காலையில் சேட்டுக்கு அயன் போடுவார். கதவு மணி அடிக்கும்போது அவருக்கு வயது இருபது குறையும்.

தேத்தண்ணித் தட்டோடு முன்னறைக்கு வந்தார். மயூரி கமராவை மடியில் வைத்து அதன் பின்பக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு அங்கிள். அதிகம் படம் எடுத்த கமரா மாதிரியே இல்ல. ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரி இருக்கு. விளம்பரத்துல போட்டிருக்கிற விலைக்கே எடுத்துக்கிறேன். இப்பவே போன்ல சல்லி போட்டுவிடுறேன்."

தயாபரன் தட்டை வைத்தார். "முதல்ல சாப்பிடுங்கோ பிள்ளை. ஆறினா எண்ணெய் மணக்கும்."

ஒரு பற்றிஸைக் கடித்தாள். "எக்கவுண்ட் நம்பர் சொல்லுங்க."

"அது பிள்ளை... ஒரு சின்னச் சிக்கல். இன்னொருத்தர் அட்வான்ஸ் தாறதெண்டு சொன்னவர். அவரிட்ட ஒருக்கா கேட்டுப்போட்டு, வாற சனி நீங்க திரும்பி வந்தா ஆறுதலாக் கதைக்கலாம்."

மயூரி மெல்லுவதை நிறுத்தினாள்.

"அப்படி யாரும் இல்லைதானே அங்கிள்."

அவர் பற்றிஸ் தட்டை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்.

"படம் எடுக்கிற ஆளுங்க நாங்க ஒரு குரூப் வச்சிருக்கோம் போன்ல. அதுல உங்களுக்கு ஒரு பேர் இருக்கு. வெள்ளவத்தை பற்றிஸ் அங்கிள். பற்றிஸ் திறம், கமரா கிடைக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. 'பசிச்சா போ'ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். எனக்கு வேற வழி இல்ல. அதான் வந்தேன்."

தயாபரன் கதிரையில் இருந்தார். முப்பத்தொரு பேர் அவருக்கு முன்னால் இருந்து சாப்பிட்டதும் சிரித்ததும், பிறகு எங்கோ இருந்து அவரைப் பற்றி எழுதிச் சிரித்ததும் ஒரே நேரத்தில் அவர் முன்னால் வந்து நின்றன. அயன் போட்ட சேட்டின் நுனியைக் கையால் நீவினார். நீவ அதில் சுருக்கம் ஒன்றும் இருக்கவில்லை.

"சிரிக்கத்தான் வேணும்," என்றார். "பிழை என்ரதுதான்."

"நான் சிரிக்க வரல." அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "குசினியில நீங்க இருக்கும்போது நான் எடுத்த படம் எப்படி வந்திருக்குன்னு பார்த்தேன். பின்னால தள்ளினா எல்லாம் நீங்க."

அவர் தினம் பார்க்கிற படங்கள்தான். சோதித்துப் பார்க்க வந்தவர்களுக்கு அந்த அறையில் எடுப்பதற்கு வேறென்ன இருந்தது? எல்லோரும் எதிரே இருந்தவரைத்தான் எடுத்திருந்தார்கள். அதே கதிரை, அதே ஜன்னல், வேறு வேறு சேட்டு. முதல் படங்களில் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் விறைத்திருந்தார். போகப் போக முகம் இளகியிருந்தது. அவளுக்கு முன் வந்தவர் எடுத்த படத்தில் வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார், கையில் தேத்தண்ணித் தட்டு.

அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். தலை நிமிரவில்லை.

"எட்டு வருஷமா கல்யாண வீட்டுல சனத்தைச் சிரிக்க வைக்கிறேன் அங்கிள். இப்படி ஒருத்தரும் எனக்குச் சிரிச்சதில்ல." பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஆனா எனக்கு நாளைக்குக் காலையில ஒரு பொண்ணு மேடையில வந்து நிப்பா. அவளுக்கு நான் என்ன சொல்லுறது?"

ரயில் ஒன்று கடலோரமாகப் போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

தயாபரன் எழுந்து அலுமாரியைத் திறந்தார். லாச்சியில் இருந்து ஒரே மாதிரி இரண்டு தாள்களை எடுத்துவந்து மேசையில் வைத்தார். விளம்பரம் போட்ட அன்றே ஒழுங்கையடிக் கடையில் டைப் செய்வித்தவை. திகதிக்கும் பெயருக்கும் விட்ட இடம் எட்டு மாதமாக வெறுமையாகவே இருந்தது.

"என்ன இது?"

"எங்கட யார்ட்டில ஒரு பெட்டி கை மாறுறதெண்டா, குடுக்கிறவரும் எடுக்கிறவரும் சேர்ந்து ஒருக்காச் சுத்தி வந்து பார்க்கவேணும். என்ன சேதம் இருக்கெண்டு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கவேணும். இல்லாட்டிப் பெட்டி கேற்றைத் தாண்டாது."

மயூரி சிரிக்கப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் கமராவை மேசையின் நடுவில் வைத்தாள். இருவரும் குனிந்தார்கள்.

"மேல்பக்கம்?" என்றார்.

"சுத்தம்."

"அடிப்பக்கம்?"

"சுத்தம்."

"லென்ஸ்?"

அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பூஞ்சணம் இல்ல."

"இடது கீழ் மூலை."

"ஒரு கீறல்." விரல் நகத்தால் தடவினாள். "இது எப்படி வந்துச்சு?"

"வாங்கின அண்டைக்கு. ஆருக்காவது காட்டவேணும் எண்டு அவசரமாப் படியில இறங்கினனான். ஒருத்தரும் இருக்கேல்லை. திரும்பி ஏறேக்க சுவரில தட்டுப்பட்டுட்டுது."

அதை இரண்டு தாளிலும் எழுதினார். கடைசிக் கட்டத்தில் 'வேறு சேதம்' என்று இருந்தது. 'இல்லை' என்று எழுதினார். மயூரி அந்தச் சொல்லையும் எழுதியவரையும் பார்த்தாள். பிறகு பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தாள். அவரும் வைத்தார்.

போனில் பணம் வந்து சேர்ந்த சத்தம் கேட்டது. விளம்பரத்தில் இருந்த விலையில் பத்தாயிரம் குறைத்துத்தான் அவர் சொல்லியிருந்தார். பை, பில்டர், முக்காலி எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தார். ஆறு துணியையும் கொடுத்தார்.

"இவ்வளவு துணியா?"

"வச்சிருங்கோ. தூசு படும்."

அவள் கமராவின் பக்கவாட்டைத் திறந்து மெமரி கார்டை எடுத்துச் சோசரில் வைத்தாள். "என்கிட்ட கார்ட் இருக்கு. இதை நீங்க வச்சுக்கோங்க." மிச்சத் தேத்தண்ணியை நின்றபடியே குடித்தாள். அடியில் கிடந்த சீனி அப்படியே இருந்தது. மூன்று பற்றிஸ் தட்டில் மிச்சம்.

"கமராவில ஏதும் விளங்காட்டி போன் எடுங்கோ பிள்ளை."

"எடுக்கிறேன் அங்கிள்," என்றாள். அவளுக்கு அதில் விளங்காதது ஒன்றும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினாள். "விளம்பரத்தை எடுத்திடுங்க. இல்லாட்டி ஆளுங்க வீணா வந்து அலைவாங்க."

"ஓம். இண்டைக்கே எடுக்கிறன்."

"அந்தக் குரூப்ல கமரா வித்தாச்சுன்னு நானே போட்டுவிடுறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற ஒண்ணும் எழுத மாட்டேன்," என்றாள்.

லிப்ட் வந்து நின்றது. ஒரு தோளில் பை, கக்கத்தில் முக்காலி. "வாறேன் அங்கிள். பஸ் போயிரும்."

"பாத்துப் போங்கோ."

லிப்ட் கீழே இறங்கும் சத்தம் தேய்ந்து நிற்கும் வரை தயாபரன் வாசலில் நின்றார். கார்ட் அவருடைய சேட்டுப் பையில் இருந்தது. அதில் இருந்த முப்பத்தொரு முகங்களும் அவருடையவை. அதைப் போட்டுப் பார்க்க இனி வீட்டில் கமரா இல்லை. பையைக் கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.