முன்மொழிந்த கையே கவிழ்த்த கதை

குமுதாக்கா எனக்குச் செய்ததை நான் இன்றுவரை மறக்கவில்லை. எங்கள் வீடமைப்புத் தாமான் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் பதவிக்கு என் பெயரை முன்மொழிந்தது அவர்தான். ஓட்டெடுப்பு வந்ததும், அதே கையைத் தூக்கி யுகேந்திரனை ஜெயிக்க வைத்ததும் அவர்தான். ஒரே ஓட்டில் தோற்றேன். மண்டபமே சிரித்தது.

"ஏன்க்கா, நீங்கதானே என் பேரைச் சொன்னீங்க?"

"ஆமா, பத்துமலை தம்பி. அவன் ஒருத்தன் மட்டும் நின்னா அது எலெக்‌ஷனா? போட்டிக்கு ஒரு ஆள் வேணும்லா."

அக்கா செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் சீவிய கை அது. விடிகாலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டால் தூக்குவதற்கு மட்டும்தான் அந்தக் கை அப்போது பயன்பட்டது. மற்றதையெல்லாம் தோட்ட ஆபீஸ் கிராணி முடிவு செய்வார். தோட்டம் தாமானாகி, சங்கமும் கூட்டமும் வந்த பிறகு, அக்கா கையைக் கீழே இறக்கவே இல்லை. கணக்கறிக்கை வாசித்தால் ஒரு கேள்வி. டீ ஆறிப்போனால் அதற்கும் ஒரு கேள்வி.

ஆனால் அவர் விடாமல் கேட்டது பஸ். சர்க்கரை நோய் அவர் வலது காலில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. புண்ணுக்குக் கட்டு மாற்ற ஈப்போ போக வேண்டும். பஸ்ஸோ பெரிய ரோட்டோடு போய்விடும். அதுவரை வெயிலில் நொண்டிக்கொண்டே நடப்பார். "மிச்ச விரலும் ரோட்டுலயே உதிர்ந்துரும், யாராச்சும் பொறுக்கி வைங்க" என்பார்.

தேர்தலன்று நான் எழுந்து, "நான் ஜெயிச்சா பஸ் தாமானுக்குள்ள வரும்!" என்றேன். நல்ல கைதட்டல்.

யுகேந்திரன் பள்ளிக்கூட வாத்தியார். மெல்லப் பேசுவான். "பஸ்காரங்களைக் கூட்டி வந்து காட்டினேன். வரத் தயார்னு சொல்றாங்க. சிம்பாங் முச்சந்தியில நிக்கிற லோரிதான் திரும்ப விடமாட்டேங்குது" என்றான்.

அது என் லோரி.

அவன் தலைவரானதும் முதல் தீர்மானமே, சிம்பாங்கில் யாரும் வண்டி நிறுத்தக்கூடாது என்பதுதான். "இது என்னைப் பழிவாங்குறது!" என்று கத்தினேன்.

"உனக்குன்னு தனியா ரூல் போடல தம்பி. என் மருமகன் வேனும் அங்கதான் நிக்குது. அவனும் வீட்டுல கத்திக்கிட்டுத்தான் இருக்கான்" என்றார் அக்கா.

லோரியைக் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோனேன். பஸ் வந்தது. முதல் நாள் அக்கா பஸ் படியில் நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கும்படி, "நீ தோத்ததாலதான்டா பஸ் வந்துச்சு! ரொம்பத் தேங்க்ஸ்!" என்று கையாட்டினார். பஸ்ஸுக்குள்ளும் சிரிப்பு.

அதற்குப் பிறகு யுகேந்திரனை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அவனும் குண்டாகிவிட்டான். மத்தியானப் பஸ் உள்ளே வருவது நின்றுபோனது. கேட்டால், "பார்க்கலாம்க்கா" என்கிறான்.

போன வாரம் பெரிய ரோட்டிலிருந்து நடந்து வந்த அக்கா, என் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தார். காலில் கட்டிய துணியில் ரத்தம் கசிந்திருந்தது.

"அடுத்த மாசக் கூட்டத்துல உன் பேரைச் சொல்லப் போறேன்."

"மறுபடியுமா? ஓட்டாவது போடுவீங்களா?"

"அதெல்லாம் இப்பவே சொல்ல முடியாது. நீ நிக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லு. அதைக் கேட்டாலே அவன் பஸ் கம்பெனிக்கு ஓடுவான்."

நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். கேட் வரை போய்த் திரும்பினார்.

"நல்லா சத்தமா நில்லு, தம்பி. ஆனா தப்பித் தவறி ஜெயிச்சுத் தொலைச்சுராத."