பஸ்ஸில் கேட்ட அர்த்தம்

எழுபதுகளில் ஒரு மாலை, திருநெல்வேலியில் நாளெல்லாம் விடைத்தாள் திருத்திவிட்டு சங்கரன்கோவில் பஸ்ஸில் அசந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு விசைத்தறிக்காரர். அவர் தோளில் நோயாளி மனைவி சாய்ந்திருந்தாள். நான் இங்கிலீஷ் வாத்தியார் என்று பேச்சில் தெரிந்ததும் அவர் கேட்டார்:

“சார்வாள், டாக்டர் இவளப் பாத்து ‘மோரிபண்ட்’னு நர்ஸுகிட்ட சொன்னாரு. மறந்திரக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே வாரேன். நல்ல வார்த்தைதான?”

சாகக் கிடக்கிறவரைக் குறிக்கும் சொல் அது. அர்த்தம் சொல்வதே என் பிழைப்பு. அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.

கண்ணைத் திறக்காமலே அந்த அம்மா சொன்னாள்: “பாவம், சார்வாளே களைச்சுப்போயி வாராக. அவுகள விடுங்க. எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போயி நான் சொல்லுதேன்.”

அவள் எந்த வார்த்தையில் சொல்லியிருப்பாள் என்று இன்றும் யோசிக்கிறேன்.